மாருதி 800: சார்ஜ் விளக்கு ஒழுங்காக அணைகிறது, பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது

கேள்வி: கடலோரக்கார், நாகப்பட்டினம்

வணக்கம். என் தந்தையார் 1998ஆம் ஆண்டில் புதிதாக வாங்கிய மாருதி 800 இன்றும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. கார்புரேட்டர் வண்டி, இன்ஜினில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கடந்த ஒன்றரை ஆண்டாக என்னை அலைக்கழிப்பது அதன் சார்ஜிங்தான். சென்ற ஆண்டு சித்திரையில் போட்ட 35 ஆம்பியர்-மணி பேட்டரி பத்தே மாதத்தில் படுத்துவிட்டது. உத்தரவாதம் இருந்ததால் கடையில் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றிய பேட்டரியும் நான்கு மாதத்தில் அதே நிலைக்கு வரவே, "பேட்டரியில் பழுதில்லை, உங்கள் வண்டி சார்ஜ் ஏற்றவில்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

உள்ளூர் எலக்ட்ரீஷியன், இன்ஜினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைக் கழற்றி, கார்பன் பிரஷ்ஷும் கட்-அவுட்டும் (ரெகுலேட்டர்) மாற்றி, ஸ்லிப் ரிங்கை லேத்தில் கொடுத்துச் சமப்படுத்திப் பூட்டினார். ஃபேன் பெல்ட்டும் புதிது. சாவியைத் திருப்பினால் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிகிறது; ஸ்டார்ட் ஆனவுடன் முழுமையாக அணைந்துவிடுகிறது. விளக்கு அணைந்துவிட்டால் சார்ஜ் ஏறுகிறது என்றுதான் பொருள் என்பது அவருடைய உறுதியான கருத்து. அதை எனக்கு மெய்ப்பிப்பதற்காக, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிக் காட்டினார். இன்ஜின் நிற்கவில்லை.

நான் ஒரு மலிவு விலை டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிப் பேட்டரி முனைகளில் வைத்துப் பார்த்தேன். இரவு முழுவதும் நின்ற வண்டியில் காலையில் 12.1 வோல்ட். இன்ஜினை ஓடவிட்டு எந்த விளக்கும் போடாமல் பார்த்தால் 13.4. ஹெட்லைட், புளோயர், வைப்பர் மூன்றையும் போட்டு ஆக்சிலரேட்டரைச் சற்றே அழுத்திப் பிடித்தால் 12.6 வரை இறங்கிவிடுகிறது. ஆல்டர்னேட்டரையே மாற்றிவிட வேண்டும் என்று இப்போது சொல்கிறார்கள். புதிதாக வாங்குவதா, பழையதைப் புதுப்பித்து விற்பதை வாங்குவதா என்று கேட்கத்தான் இதை எழுதத் தொடங்கினேன். எழுதும்போதே, மாற்றத்தான் வேண்டுமா என்ற ஐயமும் வந்துவிட்டது.

இதற்குத் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாளாகக் காலையில் செல்ஃப் மிகவும் இழுத்து இழுத்துத்தான் சுற்றுகிறது. அத்துடன், ஆக்சிலரேட்டர் கேபிள் ஓராண்டில் இரண்டு முறை இறுகிப்போய் மாற்றப்பட்டிருக்கிறது. இரண்டாவது முறை கழற்றிய கேபிளின் உள்ளுறை இளகி, கம்பியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பதில்: ஆர்மேச்சர், மதுரை

தம்பி, ஆல்டர்னேட்டருக்கு எடுத்து வைத்த பணத்தை இப்போதைக்குப் பையிலேயே வைத்திருங்கள். தொடர்பு உண்டா என்று தெரியாமல் கடைசியில் எழுதினீர்களே, உங்கள் கேள்வியிலேயே எனக்கு மிகவும் பயன்பட்டது அந்தப் பத்திதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த முனையைக் கழற்றும் வித்தை. நாற்பது ஆண்டுகள் பட்டறை நடத்திய எனக்கும் அதைச் செய்து காட்டித்தான் தொழில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆல்டர்னேட்டர் வண்டியில் அதை ஒருபோதும் செய்யக் கூடாது. ஓடும் ஆல்டர்னேட்டரின் மின்னோட்டத்தைப் பேட்டரி உள்வாங்கிக்கொண்டிருக்கும் வேளையில் அந்த வழியைத் திடீரென்று அறுத்தால், உள்ளே சுழலும் காந்தச் சுருளான ரோட்டரில் நிற்கும் காந்தப்புலம் அதே கணத்தில் குறைந்துவிடாது. வோல்ட்டேஜ் நொடிக்கும் குறைவான நேரத்துக்குப் பல பத்து வோல்ட் வரை எகிறும். மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டயோடும், வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் போவது அந்த நேரத்தில்தான். கம்ப்யூட்டர் வைத்த வண்டியாக இருந்தால் அதையும் சேர்த்துக் கொண்டுபோகும். சரி, இவ்வளவு ஆபத்துக்குப் பிறகு அந்தச் சோதனை எதைத்தான் மெய்ப்பிக்கிறது? கார்புரேட்டர் இன்ஜின் ஓடுவதற்கு இக்னிஷன் காயிலுக்குச் சில ஆம்பியர் போதும். அந்தச் சில ஆம்பியரை உங்கள் ஆல்டர்னேட்டர் தருகிறது என்பதற்கு மேல் அதிலிருந்து எதுவும் தெரியவில்லை.

அடுத்து, சார்ஜ் விளக்கு. அது எதைப் பார்த்து எரிகிறது, எதைப் பார்த்து அணைகிறது என்பது புரிந்தால் உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். விளக்கின் ஒரு பக்கத்துக்குச் சாவி வழியாகப் பேட்டரியின் பாசிட்டிவ் வருகிறது. மறுபக்கம் ஆல்டர்னேட்டரின் எல் முனைக்குப் போகிறது. இன்ஜின் ஓடாதபோது அந்த முனை கிட்டத்தட்ட எர்த்தாக இருப்பதால் விளக்கு எரிகிறது. விளக்கு வழியே போகும் அந்தச் சிறு மின்னோட்டம்தான் ரோட்டருக்கு முதல் காந்தத்தையும் ஊட்டுகிறது. பல்பு ஃபியூஸ் போனால் சில வண்டிகளில் சார்ஜே தொடங்காமல் போவது இதனால்தான். ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்யத் தொடங்கியதும் எல் முனையின் வோல்ட்டேஜும் மேலேறி, இரு பக்கமும் சமமாகி, விளக்கு அணைந்துவிடுகிறது. ஆகவே விளக்கு ஒப்பிட்டுப் பார்ப்பது பாசிட்டிவ் பக்கத்தின் இரண்டு புள்ளிகளை மட்டுமே. நெகட்டிவ் பக்கத்தில், அதாவது பேட்டரியிலிருந்து பாடிக்கும் பாடியிலிருந்து இன்ஜினுக்கும் போகும் எர்த் பாதையில் என்ன நடந்தாலும் அந்த விளக்குக்குத் தெரியாது.

ரெகுலேட்டருக்கும் இதே குருட்டுத்தனம் உண்டு. அது ஆல்டர்னேட்டருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, தன் பாசிட்டிவ் முனைக்கும் தன் உடம்புக்கும் இடையே எவ்வளவு வோல்ட் என்று பார்த்து, அங்கே 14 வோல்ட் அளவில் இருந்தால் நிறைவடைந்து உற்பத்தியைக் கட்டுப்படுத்திவிடுகிறது. வழியில் ஒன்றரை வோல்ட் தொலைந்து, பேட்டரிக்கு 12.6 மட்டுமே வந்து சேர்ந்தாலும் அதற்குக் கவலையில்லை. புது ஆல்டர்னேட்டர் போட்டாலும் இதே கதைதான் நடக்கும்.

உங்கள் எண்களைப் பாருங்கள். முழுதாகச் சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6க்குக் குறையக் கூடாது. 12.1 என்றால் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஓடும் இன்ஜினில் பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும்; நம் ஊர் வெயிலில் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு 13.6 என்றாலும் ஏற்றுக்கொள்ளலாம். விளக்குகளைப் போட்டபின் 12.6 என்றால், மழை இரவில் நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு மைலும் பேட்டரிக்குப் பட்டினிதான். அரை வயிற்றிலேயே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். இரண்டு பேட்டரிகள் அடுத்தடுத்துப் போனதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இப்போது மீட்டரை எடுங்கள். முதலில் பேட்டரியைக் கழற்றி வெளியே மூன்றரை ஆம்பியரில் ஓர் இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றிப் பூட்டுங்கள். இறங்கிப்போன பேட்டரியை வைத்துக்கொண்டு எடுக்கும் எந்த அளவும் நம்பத்தக்கதல்ல. பிறகு இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டும் புளோயரும் வைப்பரும் போட்டு, ஒருவரை ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆல்டர்னேட்டரின் பின்னால் ரப்பர் மூடிக்குள் தடித்த கம்பி பூட்டிய நட்டு இருக்கும். அதில் ஒரு முனையையும் ஆல்டர்னேட்டரின் உடம்பில் இன்னொன்றையும் வைத்து முதல் அளவை எடுங்கள். அடுத்து, அந்த நட்டுக்கும் பேட்டரியின் பாசிட்டிவ் கொம்புக்கும் இடையே. கடைசியாக, ஆல்டர்னேட்டரின் உடம்பில் சிவப்பு முனை, பேட்டரியின் நெகட்டிவ் கொம்பில் கறுப்பு முனை. கொம்பு என்று நான் சொல்வது ஈயத்தை. அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பை அல்ல. கிளாம்புக்கும் ஈயத்துக்கும் நடுவேயே பூத்துப்போய்த் தடை உண்டாவது அன்றாடம் நடப்பது. பாசிட்டிவ் பக்கத்தில் 0.3 வோல்ட், நெகட்டிவ் பக்கத்தில் 0.2 வோல்ட் வரை தொலையலாம். அதற்கு மேல் தொலைந்தால் அந்தப் பாதையில் திருடன் இருக்கிறான்.

இனி உங்கள் கடைசிப் பத்தி. இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. பாடியோடு அதற்கு மின்தொடர்பு கொடுப்பது எர்த் பட்டை மட்டுமே. அந்தப் பட்டை கெட்டால், செல்ஃப் அடிக்கும்போது பாயும் மின்னோட்டம் பாடிக்குத் திரும்ப வேறு வழி தேடும். இன்ஜினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கும் இன்னோர் உலோகம் எது? ஆக்சிலரேட்டர் கேபிள், சில வண்டிகளில் கிளட்ச் கேபிளும்தான். மெல்லிய கம்பி அந்தச் சுமையைத் தாங்காமல் சூடேறி, உறையை உருக்கும். உங்கள் கேபிளை இறுக்கியது துருவல்ல என்று நினைக்கிறேன். அளந்துவிட்டு எழுதுங்கள்.

பதில்: இரட்டைப்பம்பு, கோயம்புத்தூர்

மேலே உள்ள பதிலோடு உடன்படுகிறேன். ஆனால் இரவில் நின்ற வண்டி காலையில் 12.1 காட்டுவதற்கு, சார்ஜ் ஏறாமை மட்டுமே காரணம் என்று முடிவுகட்ட வேண்டாம். என்னுடைய அம்பாசடரில் ஆல்டர்னேட்டரின் ஒரு டயோடு ஒழுகி, நிறுத்திய வண்டியில் இரவு முழுவதும் ரோட்டரையும் அதைச் சுற்றி நிற்கும் சுருளான ஸ்டேட்டரையும் வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டிருந்தது. அதிகாலையில் ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பார்த்தபோது கைக்குச் சூடு தெரிந்ததால்தான் கண்டுபிடித்தேன்.

எல்லாவற்றையும் அணைத்துச் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரின் சிவப்பு முனையைப் பத்து ஆம்பியர் துளைக்கு மாற்றி, கேபிளுக்கும் கொம்புக்கும் நடுவில் தொடராக இணைத்துப் பாருங்கள். இந்தக் காலத்து வண்டி அல்ல என்பதால், பாட்டுப்பெட்டியின் நினைவகத்துக்குப் போவதைத் தவிர வேறு எதுவும் இழுக்கக் கூடாது. 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தேட வேண்டும். எந்த ஃபியூஸைப் பிடுங்கியும் குறையவில்லை என்றால், ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பியைக் கழற்றுங்கள். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்க வேண்டாம். நான் மறந்திருக்கிறேன், மீட்டர் ஒன்று போனது.

டயோடுக்கு இன்னொரு சோதனை, ஓடும் இன்ஜினில் பேட்டரி முனைகளில் ஏசி வோல்ட்டேஜ் பார்ப்பது. டயோடுகள் ஒழுங்காக இருந்தால் அரை வோல்ட்டுக்கு மிகவும் கீழே இருக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மலிவு மீட்டர்கள் சில, ஏசி அளவில் வைத்துச் சும்மா கிடக்கும் பேட்டரியைத் தொட்டாலே 25, 26 என்று காட்டும். முனைகளை மாற்றித் தொட்டால் பூச்சியம் காட்டும். உங்கள் மீட்டரும் அப்படியானால் அந்தச் சோதனையை விட்டுவிடுங்கள். டயோடுகள் எல்லாம் போய்விட்டன என்று பதற வேண்டாம்.

பதில்: கடலோரக்கார், நாகப்பட்டினம்

இருவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதற்கே செலவானது. கசிவு 18 மில்லி ஆம்பியர். பாட்டுப்பெட்டியின் ஃபியூஸைப் பிடுங்கியதும் பூச்சியமாகிவிட்டது. ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-மணிகூட ஆகாது என்பதால் அதை விட்டுவிட்டேன். ஏசி சோதனையில் என் மீட்டர் நீங்கள் சொன்ன வேடிக்கையைத்தான் செய்கிறது. நல்ல வேளையாக முன்கூட்டியே எச்சரித்தீர்கள்.

இப்போது முக்கியமானது. மூன்று சுமைகளையும் போட்ட நிலையில் ஆல்டர்னேட்டரின் நட்டுக்கும் அதன் உடம்புக்கும் இடையே 13.85. பேட்டரி முனைகளில் 12.65. பாசிட்டிவ் பக்கத்தில் தொலைவது 0.35. நெகட்டிவ் பக்கத்தில் மீட்டர் கழித்தல் குறியோடு 0.85 காட்டியது. கூட்டிப் பார்த்தேன்: 0.35, 0.85, 12.65 மூன்றும் சேர்ந்து சரியாக 13.85 வருகிறது. ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது; நான்தான் அதைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

நெகட்டிவ் பாதையைத் துண்டு துண்டாகவும் அளந்தேன். பேட்டரிக் கொம்புக்கும் கிளாம்புக்கும் இடையே 0.02, கிளாம்பிலிருந்து கேபிள் பூட்டியிருக்கும் பாடி வரை 0.08, பாடிக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே 0.72; பிளாக்கிலிருந்து ஆல்டர்னேட்டர் உடம்பு வரை 0.03. அந்தக் கழித்தல் குறிக்கு என்ன பொருள் என்பது மட்டும் விளங்கவில்லை, ஐயா. முனைகளை மாற்றி வைத்துவிட்டேனா?

பதில்: ஆர்மேச்சர், மதுரை

முனைகள் சரியாகத்தான் இருக்கின்றன. சார்ஜ் ஏறும்போது மின்னோட்டம் பேட்டரியையும் விளக்குகளையும் கடந்து, பாடி வழியாக ஆல்டர்னேட்டரின் உடம்புக்குத் திரும்புகிறது. எனவே பாடி மேடு, இன்ஜின் பள்ளம். அதனால்தான் கழித்தல் குறி. செல்ஃப் அடிக்கும்போது மின்னோட்டம் மோட்டாரைக் கடந்து இன்ஜின் பிளாக்கிலிருந்து பேட்டரிக்குத் திரும்புவதால் குறி நேர்மாறாகிவிடும். எர்த் பாதையில்தான் குற்றம் என்பதை உறுதிசெய்ய இது ஒரு நல்ல வழி. இக்னிஷன் காயிலின் நடு ஒயரைக் கழற்றி எர்த்தில் பிடிக்க வைத்துவிட்டு, சிவப்பு முனையைப் பிளாக்கிலும் கறுப்பு முனையை நெகட்டிவ் கொம்பிலும் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். உங்கள் கணக்குப்படி, இருபது ஆம்பியர் அளவுக்கே 0.85 தொலைகிறது என்றால், எண்பது ஆம்பியர் இழுக்கும் செல்ஃபுக்கு மூன்று வோல்ட்டுக்கு மேல் தொலையும். காலையில் இழுத்து இழுத்துச் சுற்றாமல் வேறு என்ன செய்யும்?

பட்டையைக் கழற்றுவதற்கு முன் ஒரு ஜம்பர் கேபிளை எடுத்து, இன்ஜினில் வண்ணம் பூசாத ஏதாவது ஒரு போல்ட்டிலிருந்து நேராகப் பேட்டரியின் நெகட்டிவுக்குக் கவ்வ விடுங்கள். எண்கள் அந்த நொடியே மாறிவிட்டால் நோய் உறுதி. பாசிட்டிவ் பக்கத்து 0.35 எல்லையைத் தாண்டியிருக்கிறது. அங்கே பேட்டரிக்கு அருகே முதன்மை ஃபியூஸாக இருக்கும் ஃபியூசிபிள் லிங்க்கின் இணைப்புகளைப் பிரித்துச் சுத்தம் செய்யுங்கள்.

பதில்: ஏ40காரர், யாழ்ப்பாணம்

மேலே பேசப்பட்ட பற்றரி முனையைக் கழற்றும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று எவரும் எழுதவில்லையாதலால் இதைச் சொல்ல விரும்புகின்றேன். எங்கள் வீட்டில் 1953ஆம் ஆண்டின் ஒஸ்ரின் ஏ40 சமர்செற் இன்றும் ஓட்டத்தில் இருக்கின்றது. அதில் இருப்பது ஒல்ரனேற்றருக்கு முந்திய மின்னாக்கியான டைனமோ. டைனமோவுக்குள் டயோட் என்று எதுவும் இல்லை. சுழலும் அச்சிலுள்ள செப்புத் துண்டுகளின் வளையமான கொமியூற்றேற்றரே மின்னோட்டத்தை ஒரே திசைக்குத் திருப்பிவிடுகின்றது. அதனால் ஓடும் இன்ஜினில் பற்றரியைக் கழற்றினாலும் பல்புகள் எரிந்துபோவதைத் தவிரப் பெரிய கேடு விளைவதில்லை என்று அந்நாளைய மெக்கானிக்மார் துணிந்து செய்தார்கள். வண்டி மாறிய பின்னும் கை அதை மறக்கவில்லை.

உங்கள் பக்கத்தில் ரெகுலேற்றருக்கு கட்-அவுட் என்ற பெயர் வழங்குவதும் அதே காலத்து மிச்சம்தான். டைனமோ மெதுவாகச் சுழலும்போது பற்றரியிலிருந்து மின்சாரம் அதற்குள் திரும்பிப் பாயாமல் இணைப்பை அறுத்துவிடும் சிறு றிலேயே உண்மையான கட்-அவுட். ஒல்ரனேற்றரில் டயோட்கள் அந்த வேலையைச் செய்துவிடுவதால் அதற்கு கட்-அவுட்டே கிடையாது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

டைனமோ வண்டி வைத்திருப்பவர்கள் எவரேனும் இதைப் படித்தால், ஒரு சோதனையைக் குறித்துக்கொள்ளுங்கள். டைனமோவின் இரண்டு முனைகளிலிருந்தும் வயர்களைக் கழற்றி, அம்முனைகள் இரண்டையும் ஒரு துண்டு வயரால் ஒன்றாக இணைத்து, அதற்கும் டைனமோவின் உடலுக்கும் இடையே மீற்றரை வைத்து, இன்ஜினின் வேகத்தை மெதுவாகக் கூட்டுங்கள். வோல்ற்றேஜ் தடுமாறாமல் விரைவாக ஏற வேண்டும். 20 வோல்ற்றைத் தாண்டவிடக் கூடாது. ஏறினால் டைனமோ நன்று, குறை றெகுலேற்றர் பெட்டியில் என்று கொள்ளலாம். எங்கள் வண்டியில் பற்றரியின் பொசிற்றிவ் முனையே ஏர்த் ஆதலால், மீற்றரின் முனைகளை மாற்றிப் பிடிக்க வேண்டியிருக்கும். டைனமோவைக் கழற்றிப் பூட்டிய பின், பற்றரியின் உயிர் முனையிலிருந்து ஒரு வயரை டைனமோவின் எஃப் (காந்தச் சுருள்) முனையில் ஒரு கணம் உரசிவிட மறக்க வேண்டாம். டைனமோவுக்குத் தன் திசை எது என்று நினைவூட்டுவது அதுதான்.

கேபிள் இறுகிய கதையைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஒஸ்ரினில் இன்ஜினின் ஏர்த் பட்டி அறுந்தபோது, செல்ஃபை அழுத்தியவுடன் டாஷ்போர்ட்டில் சோக் கேபிளின் பிடியிலிருந்து புகை வந்தது. பெற்றோல் லைன் தீப்பிடித்துவிட்டது என்று எண்ணி வீட்டார் எல்லோரும் வண்டியை விட்டு ஓடிவிட்டோம்.

பதில்: கடலோரக்கார், நாகப்பட்டினம்

முடிந்தது. செல்ஃப் அடிக்கும்போது பிளாக்குக்கும் நெகட்டிவுக்கும் இடையே 3.1 வோல்ட் காட்டியது. ஐயா சொன்னபடியே இம்முறை கழித்தல் குறி இல்லை. ஜம்பர் கேபிளைக் கவ்வவிட்டவுடன், அதே சுமைகளோடு பேட்டரி முனையில் 13.45 வந்துவிட்டது.

வண்டியை ஜாக்கில் தூக்கிப் பார்த்தபோதுதான் முழுக் கதையும் தெரிந்தது. எப்போதோ யாரோ நெகட்டிவ் கேபிளை மாற்றியபோது, இன்ஜினோடு பூட்டியிருக்கும் கியர்பாக்ஸுக்குப் போக வேண்டிய பகுதியைப் பூட்டாமல், பாடிக்கு மட்டும் ஒரு சிறிய கேபிளைப் போட்டு முடித்திருக்கிறார்கள். ஆகவே இன்ஜினுக்கான எர்த் முழுவதும் பாடியிலிருந்து வரும் ஒரே ஒரு பின்னல் பட்டையை நம்பியிருந்தது. எங்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். மேலே எண்ணெய்ப் பிசுக்கு அப்பியிருந்ததால் பட்டை முழுதாக இருப்பதுபோல் தெரிந்தது. துணியால் துடைத்து மடக்கியதும் பச்சைத் தூளாகக் கொட்டியது. முனையில் போல்ட் பூட்டும் லக்கை ஒட்டி நான்கைந்து இழைகள் மட்டுமே உயிரோடு இருந்தன. அவற்றையும் விரலால் இழுத்தே அறுத்துவிட்டேன்.

பேட்டரியிலிருந்து நேராகக் கியர்பாக்ஸுக்கு 25 சதுர மில்லிமீட்டர் கேபிள் ஒன்றும், இன்ஜினுக்கும் பாடிக்கும் புதிய பட்டை ஒன்றும் போட்டேன். லக் உட்காரும் இடங்களை உலோகம் பளிச்சிடும் வரை உப்புத்தாளால் தேய்த்து, பூட்டிய பின் மேலே வாசலின் தடவினேன். ஃபியூசிபிள் லிங்க்கின் இணைப்பில் ஒரு முள் கறுத்திருந்தது. சுத்தம் செய்தபின் பாசிட்டிவ் பக்கம் 0.15க்கு வந்துவிட்டது. இப்போது மூன்று சுமைகளோடும் நெகட்டிவ் பக்கத்தில் 0.06, பேட்டரி முனையில் 13.64. செல்ஃப் முதல் அடியிலேயே எடுக்கிறது. மொத்தச் செலவு, ஆல்டர்னேட்டருக்கு முன்பு பிரஷ் மாற்றியதற்குக் கொடுத்த கூலியைவிடக் குறைவு.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. பேட்டரியை வெளியே சார்ஜ் ஏற்றிய பின் ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஐந்து செல்களில் 1.250 காட்டுகிறது, மூன்றாவது செல்லில் மட்டும் 1.180. இதை என்ன செய்வது?

பதில்: ஆர்மேச்சர், மதுரை

டிஸ்டில்டு வாட்டர் மட்டம் எல்லாச் செல்லிலும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த ஒன்றில் மட்டும் அண்மையில் அதிகம் ஊற்றியிருந்தால் அளவு ஏமாற்றும். மட்டம் சரி என்றால், ஒன்றரை ஆம்பியர் அளவில் ஒரு நாள் முழுவதும் மெதுவாக ஏற்றி, மீண்டும் பாருங்கள். அதற்குப் பிறகும் மற்றச் செல்களோடு 0.050க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தச் செல் மீளாது. வண்டி ஓடும், ஆனால் மார்கழிக்குள் ஒரு நாள் உங்களை வழியில் நிறுத்தும். பேட்டரி வாங்க ஒதுக்கும் பணத்தோடு ஆக்சிலரேட்டர் கேபிளுக்கும் கொஞ்சம் எடுத்து வையுங்கள். இப்போது பூட்டியிருப்பதும் அந்தச் சூட்டில் வெந்ததுதானே.